என் வீட்டில் பேசுகிற பெண்

மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு ஃப்ராவ் லேமான் என்னை நிறுத்தி, "உங்கள் ஃப்ராவ் நலமா?" என்று கேட்டார். லைப்சிக் நகரில் நான் தனிக்கட்டை. இந்த ஊர் மொழியில் பெண்ணையும் 'ஃப்ராவ்' என்பார்கள், மனைவியையும் 'ஃப்ராவ்' என்பார்கள். யாரைக் கேட்கிறார் என்று விளங்காமல், "எந்த ஃப்ராவ்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் இறுகியது. "ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறீர்களே, அவரைத்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை" என்றார். இந்த ஊரில் ஞாயிறு முழுவதும் 'ரூஹெட்சைட்', சத்தம் போடக்கூடாத நேரம். சுவரில் ஆணி அடித்தாலே புகார் போகும். பெண்ணை மிரட்டி ஒப்பிக்க வைப்பதற்கு என்ன சட்டம் என்று அவர் யோசிப்பது கண்ணிலேயே தெரிந்தது.

அந்தப் பெண் என் கணினிக்குள் இருப்பவள். எழுத்தைக் கொடுத்தால் குரலாக்கித் தருவாள். எழுதியதைக் காதால் கேட்டால் பிழை தெரியும் என்று நண்பர் ஒருவர் சொல்லப்போய், இங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்கு எழுதும் கட்டுரைகளை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். முதல் நாளே மானம் போயிற்று. என் நடை, என் நடை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் 'ஒருவிதமான' என்கிற ஒற்றைச் சொல்தான் என்பது தெரிந்தது. ஒருவிதமான மழை, ஒருவிதமான மௌனம், ஒருவிதமான அம்மா. எல்லாவற்றையும் வெட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். அவள் எங்கே தடுக்கினாலும் தப்பு என்னுடையதுதான் என்று நினைக்கத் தொடங்கினேன். 'இன்னா' என்றால் தடுக்கினாள், 'என்ன' ஆக்கினேன். 'வூடு' அவள் வாயில் ஏதோ வெளிநாட்டுப் பலகாரம் போல ஒலித்தது, 'வீடு' ஆக்கினேன். கள்ளக்குறிச்சிக்காரன் எழுதியது பத்து வாசிப்பில் எந்த ஊர்க்காரனும் எழுதாததாக மாறியது. மலர்க்குழு அதைத்தான் 'முதிர்ந்த நடை' என்று பாராட்டியது.

கடைசியாக எழுதியது அப்பாவைப் பற்றி. எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் அப்பா வெள்ளிமலைக்கு ஏறிவிடுவார், சாமை அறுக்க. எப்போது வருவீர்கள் என்று போனில் கேட்டால், மலை டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வந்துக்கினே கீறேன்" என்பார். கண்ணாடி டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் எங்களுக்கும் கேட்கும். புறப்படவே இல்லை என்று தெரிந்தும் அம்மா உலை வைப்பார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்தும் அதையேதான் சொன்னார். அந்த முறை வரவில்லை. நான் அப்போது இங்கே இருந்தேன்.

'கீறேன்' வந்த இடத்தில் என் கணினி ஆசிரியை, பிளேடால் எதையோ கீறப்போகிறவள் போல வாசித்தாள். வழக்கம்போலப் பணிந்து, 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று திருத்தினேன். ஒரு தட்டுத்தடங்கல் இல்லை. அப்பா செத்ததை நாளைய வானிலை போல அழகாகச் சொல்லி முடித்தாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அப்பாவப் பத்தி எழுதுனியாமே, எனக்கும் படிச்சிக் காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் படித்தால் குரல் உடையும். அதனால் அவளைப் படிக்கவைத்து, பதிவை வாட்ஸப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"யார்ரா அந்தப் பொம்பள?"

"பொம்பள இல்லம்மா, மிஷினு."

"என்னாண்டயே கத சொல்லாத. மெட்ராஸ் பொண்ணா? நல்லாத்தான் பேசுது. சோறாக்குமா?"

"அத வுடும்மா. கத எப்பிடி கீது?"

"நல்லாத்தான் கீது. யாரோ மலைக்குப் போறாரு, சாமை அறுக்கறாரு, செத்துப்போறாரு. பாவம். உங்கப்பா எப்ப வராரு அதுல?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. "இரும்மா, நானே படிக்கிறேன்" என்றேன்.

திரையில் 'வீடு' என்று இருந்ததை வாய் 'வூடு' என்று படித்தது. நான் திருத்தவில்லை. அப்பா பேசும் இடத்தில் திரையைப் பார்க்கவே இல்லை. "வந்துக்கினே கீறேன்" என்றேன். அழுதுகொண்டே, சத்தமாக இன்னொரு தரம் சொன்னேன். மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"ம். அவுருதான்" என்றார். பிறகு, "அவ போயிட்டாளா?"

"போயிட்டாம்மா."

அழைப்புமணி அடித்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்தேன். ஃப்ராவ் லேமான். இந்த முறை சுவர் வழியாக ஓர் ஆண் அழுவது கேட்டிருக்கிறது. என் ஈரக் கண்களைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் காலியான அறையையும் பார்த்து, தாழ்ந்த குரலில், "போய்விட்டாரா?" என்று கேட்டார். அதே நேரத்தில் காதுக்குள் அம்மா, "அது கெடக்குது. நீ எப்பதான் வூட்டுக்கு வர?" என்றார்.

"வந்துக்கினே கீறேன்" என்றேன்.

பதில் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, ஃப்ராவ் லேமான் எல்லாம் புரிந்தவராகத் தலையசைத்தார். அம்மா நம்பவில்லை.