இளைப்பு இல்லை என்று சொன்னோம்

தம்பிக்கு மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று தென்காசியில் ஸ்கேன் எடுத்துச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் நானும் அவன் மனைவியும் நாற்காலியே கதி என்று கிடந்தோம். யாராவது காபி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. வாங்கி வைத்துக்கொள்வோம், அது பாட்டுக்கு ஆறிப்போகும்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க வந்தார்.

"வீக்கத்துல கிளிப் போடுற நேரம் ரத்த ஓட்டம் அடங்கணும். அதுக்கு ஒரு மருந்து ஏத்தி இதயத்தைச் சில விநாடி நிறுத்துவோம். தானா மறுபடி துடிக்கும்" என்றார்.

"அவருக்கு இளைப்பு, வீசிங் உண்டா? இருந்தா இந்த மருந்து ஆபத்து."

"கிடையாது டாக்டர்" என்றாள் தம்பி மனைவி, பட்டென்று.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளைப்பு உண்டு. இளைப்புக்காரனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று, பெண் பார்த்தபோது மூடி மறைத்தவள் நான்தான். எங்கள் பக்கம் அது ஒன்றும் பெரிய குற்றமில்லை, தாலி ஏறும்வரை எல்லா வீட்டிலும் எதையாவது மறைப்பார்கள். சாரல் காலத்தில் மூச்சு முட்டும் என்று அவனைக் குற்றாலம் பக்கமே விடமாட்டேன். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தைப் பாவூர்சத்திரத்தில் அவன் நடத்தும் காய்கறிக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

"இருக்கு டாக்டர். இவளுக்குத் தெரியாது, நாங்க மறைச்சிட்டோம்" என்று அழுதேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. அந்த மருந்து வேண்டாம், வீக்கத்துக்கு ரத்தம் போற குழாயைக் கொஞ்ச நேரம் அடைச்சு வச்சுச் செய்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தம்பி கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். அதன் பிறகுதான் அவன் மனைவி முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் வந்தது.

"என்னைய மன்னிச்சிரு தாயி. ஒன்ன ஏமாத்திட்டேன்" என்றேன்.

"கல்யாணம் ஆன மொத வாரமே தெரியும் மதினி. பக்கத்துல படுக்குதவளுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏம்ளா கிடையாதுன்ன?"

களைத்துப்போன கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"நீங்க பக்கத்துலல்லா நின்னிய. டாக்டர்ட்ட பொறவு தனியாச் சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். உங்க முன்னாலயே உங்கள எப்படிப் பொய்க்காரி ஆக்குவேன்?"