தோள்வரை கருத்த கை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அரியலூர் சிமெண்டு ஆலையின் வாசலிலிருந்து என் லாரி டிரைவர் சேகர் போன் செய்தார். "மொதலாளி, வண்டிய உள்ள விடலீங்க. லேபுல ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் சிறுவாச்சூருக்குப் போயிட்டாங்களாம்."

"கோயிலுக்கா?" என்றேன்.

"இல்லீங்க. மலர்க்கொடியம்மா விடியக்காலம் தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்."

வண்டியை அங்கேயே ஓரங்கட்டச் சொல்லிவிட்டு நானும் சிறுவாச்சூருக்குக் கிளம்பினேன். ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் பதினோரு பேரும் அங்கே இருந்தார்கள். பாதிப்பேர் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்கள். அவர்களோடு அதே கூடத்தில் வேலை பார்த்தவர் மலர்க்கொடி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது அவருக்கு.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் அவரிடம் மாட்டிக்கொண்டவன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. எனக்கு ஆண்டிமடத்தில் முந்திரி ஓடு வியாபாரம். பருப்பு எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைச் சுற்றுவட்டாரத்தில் வாங்கிச் சேர்த்து, சிமெண்டு ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறேன். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்த தொழில். ஈரமான ஓடு சரியாக எரியாது. ஆனால் எடை நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் என்னைப் போன்ற வியாபாரி என்ன செய்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு ஐப்பசி மாதம் நான் அதைத்தான் செய்தேன். நனைந்த ஓட்டை அடியில் போட்டு, மேலே முக்கால் முழத்துக்குக் காய்ந்த ஓட்டைப் பரப்பி அனுப்பினேன். நானும் கூடவே போயிருந்தேன். மலர்க்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரி மேல் ஏறினார். ஓட்டுக்குள் கையைத் தோள்வரைக்கும் விட்டார். எடுத்த கையில் தண்ணீர் சொட்டியது.

"ஏண்ணே, முந்திரியயும் குளிக்க வச்சு அனுப்புறீங்களா?" என்றார். டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். லோடு திரும்பிவிட்டது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் வேறொன்று நடந்தது. புதிதாக வந்த ஒரு ஆள் என் நல்ல லோடை ஈரம் என்று நிறுத்தினார். எதற்காக நிறுத்தினார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பணம் எடுக்கப் பையில் கையை விடப் போகும் நேரத்தில் மலர்க்கொடி வந்து, தானே ஏறி, ஐந்து இடத்தில் ஓடு எடுத்துப் போய்ச் சோதித்தார். "காஞ்சதுதான். இறக்குங்க" என்றார். நன்றி சொல்லப் போனேன். "எனக்கு எதுக்கு நன்றி? ஈரமா இருந்தா ஈரம், காஞ்சிருந்தா காஞ்சது. இதுல ஒங்க மொகத்தப் பாக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லாரியில் ஏறி மாதிரி எடுப்பது, அதைச் சோதிப்பது என்று அந்த வேலையைச் செய்த ஆண்களுக்குச் 'சாம்ப்ளர்' என்று பதவி. அதே வேலையைச் செய்த பெண்களுக்கு 'லேப் உதவியாளர்' என்று பதவி. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியிருந்தது. சோதனை முடிவு எழுதும் தாளில் கையெழுத்துப் போடும் இடத்தில் 'சாம்ப்ளர்' என்று அச்சடித்திருந்ததால், மலர்க்கொடி எடுத்த மாதிரிக்கும் அந்த ஷிப்டில் இருந்த ஆண்தான் கையெழுத்துப் போடுவார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

மலர்க்கொடி மேலே எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். "இவ்வளவு பெரிய கம்பெனியோட மோதுறியேம்மா" என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன். "நான் எங்கண்ணே மோதுறேன்? செஞ்ச வேலைக்குப் பேரு கேக்குறேன். பேரு வந்தா சம்பளம் தானா வரும்" என்றார்.

ஆலைத் தரப்பு கெட்டியான ஒன்றைப் பிடித்துக்கொண்டது. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கருத்துவிடும். அதனால் லாரியில் ஏறுகிறவர்களுக்கு ஆலை நீளமான கையுறை கொடுக்கும். அந்தப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பெண்கள் ஏறவில்லை, அதனால்தான் கொடுக்கவில்லை, அவர்கள் அறைக்குள் தட்டில் வரும் மாதிரியை மட்டும் தொட்டவர்கள் என்று வாதாடினார்கள். கூட வேலை பார்த்த ஆண்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் என்னைக் கேட்டபோது நானும் நழுவினேன்.

"அன்னிக்கிக் கும்பகோணத்துல ஒரு சோலி இருக்கும்மா" என்றேன்.

"வரமாட்டேன்னு நேராச் சொல்லிடுங்கண்ணே. கும்பகோணம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

ஆலையின் கொள்முதல் அதிகாரி அதற்குள் என்னிடம் பேசியிருந்தார். "நீங்க வியாபாரி. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். பாத்து நடந்துக்குங்க" என்றார். என் சரக்கில் முக்கால்வாசி அந்த ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். நல்ல லோடு என்றால் நல்ல லோடு என்று சொல்ல அந்த ஆலையில் எனக்கு இருந்தது ஒரே ஆள். அந்த ஆளுக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தால், நாளைக்கு என் லோடுக்காக யார் வாயைத் திறப்பார்? நியாயம் பார்த்துப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் போனேன்.

கோர்ட்டில் நான் சொன்னது கொஞ்சம்தான். "அந்தம்மா கையப் பாருங்கய்யா. முப்பத்தஞ்சு வருசமா இந்த ஓட்டுலயே கெடக்கிறவன் நான். தட்டுல எடுத்துத் தொட்டா வெரல் நுனிதான் கருக்கும். தோள்வரைக்கும் கருக்கணும்னா லோடுக்குள்ள கைய விட்டாத்தான் உண்டு. என் லோடுக்குள்ளயே விட்டுப் பாத்துத் திருப்பி அனுப்பியிருக்காங்க." நீதிபதி பார்க்கக் கேட்டார். மலர்க்கொடி ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். உரிந்து உரிந்து கருத்த தோல், தோள்மூட்டுக்கு நாலு விரல் கீழேவரை ஒரே கோடாக ஏறி நின்றது. கையுறைப் பதிவேடு எதைக் காட்டவில்லையோ, அதை அந்தக் கை காட்டியது.

ஆலையின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். "உங்கள் லோடையே திருப்பியவர் என்கிறீர்கள். ஏன் திருப்பினார்?"

"ஈரத்த அடியில போட்டு ஏமாத்தப் பாத்தேங்க."

கோர்ட்டில் சிரிப்பு. வக்கீல் அசரவில்லை. அடுத்த கேள்வியில் என்னைப் பிடித்தார். "உங்கள் களத்தில் ஓடு காய வைக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா?"

சத்தியம் செய்திருந்தேன். "இல்லீங்கய்யா. பொம்பளைங்களுக்குக் கொறச்சல்" என்றேன். கூண்டை விட்டு இறங்கும்போது, வழக்கை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெளியே டீக்கடையில் மலர்க்கொடி எனக்கும் சேர்த்து டீ சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்தக் கேள்விய எதிர்பாக்கலம்மா" என்றேன்.

"நான் எதிர்பாத்தேண்ணே. நானே கேக்கணும்னு இருந்தேன். கேஸு முடியட்டும்னு பொறுத்தேன். வக்கீலு முந்திக்கிட்டாரு."

"மாத்திடுறேம்மா. தைக்கு மேல..."

"இன்னிக்கி என்ன கெழம?"

"சனி."

"கூலி போடுற நாளுதானே?" என்றார். டீயைக் குடித்துவிட்டு பெரம்பலூர் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆண்டிமடம் போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலியாகப் போட்டேன். ஆண்கள் முணுமுணுத்தார்கள். "என்ன மொதலாளி, திருச்சிக்குப் போயி மந்திரிச்சி வுட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாய்யா, கூண்டுல ஏத்தி மந்திரிச்சாங்க" என்றேன்.

ஒப்பந்தம் நாலு மாதம் நின்றது. நஷ்டம்தான். பிறகு ஓடு கிடைக்காமல் அவர்களே கூப்பிட்டார்கள். வழக்கில் மலர்க்கொடி ஜெயித்தார். என் களத்துக் கூலியைத் தீர்ப்பில் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கையைத்தான் எழுதியிருந்தார்கள். ஆலை மேல்முறையீடு போய் அங்கேயும் தோற்றது. அவரோடு பதினோரு பெண்களுக்கும் பதவி மாறியது, சம்பளம் மாறியது, நீளக் கையுறை வந்தது. புதுக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஏறிய முதல் நாள், "இது இல்லாமலே பழகிப்போச்சு, ஈரம் தெரிய மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டாராம். சிறுவாச்சூரில் அந்தப் பெண்கள் அழுகைக்கு நடுவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜெயங்கொண்டம் பக்கத்துக் களத்துக்காரர்கள் என்னைக் கேட்பதுண்டு, பெண்களுக்கு ஏன் அவ்வளவு கூலி என்று. நியாயம் என்று சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். அதனால், "சீசன்ல ஒங்ககிட்ட ஆள் நிக்க மாட்டேங்குது, எங்கிட்ட நிக்குது" என்று சொல்வேன். அதுவும் உண்மைதான். இதுவரை இரண்டு பேர் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறார், யோசிக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை. நல்லதைத் தை மாதத்துக்குத் தள்ள வாய் வரும்போதெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்கிறேன். அந்த இரண்டு களத்துப் பெண்களும் யார் கேட்டதால் தங்கள் கூலி மாறியது என்று தெரியாமலே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவாச்சூர் மலர்க்கொடி கேட்டார். அவர்களுக்குத் தெரியட்டும்.