வால்வெள்ளிக்குக் கட்டிய பற்றரிப் பெட்டி

அந்தப் பெட்டியைச் செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கல்முனையில் இன்றைக்கும் அதை என் அண்ணனான காக்கா செய்ததாகச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்வெள்ளி வந்த வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. சவூதியில் வேலை செய்த மாமா, அதாவது உம்மாவின் தம்பி, லீவில் வரும்போது ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். வானம் நகர நகரக் குழாயையும் கூடவே திருப்புவதற்கு அதில் ஒரு சின்ன மோட்டர் இருந்தது. அது ஓடாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆள் கண்ணை வைப்பதற்குள் வால்வெள்ளி நழுவிவிடும். மோட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். கடற்கரையில் கரண்ட் ஏது?

வாப்பாவுக்கு வீட்டோடு சேர்ந்த பற்றரி சார்ஜ் கடை. நாவிதன்வெளிப் பக்கமிருந்தெல்லாம் பற்றரிகள் வரும். காக்கா கடைக்குள் கால் வைக்கமாட்டார். நான் வெளியே வரமாட்டேன். இரண்டு ஆறு வோல்ட் மோட்டர்சைக்கிள் பற்றரிகளை எடுத்து, ஒன்றின் நேர்முனையை மற்றதன் மறைமுனையோடு இணைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துக் கூடு அடித்தேன். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப். ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச். அறைகளுக்குள் தட்டு மூடுமளவுக்கு மட்டும் பற்றரித் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்பது வாப்பாவின் சட்டம். வீட்டில் வைத்து மோட்டரை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது.

கடற்கரைக்கு நானும் வருகிறேன் என்றேன். மாமா சிரித்தார்.

“மஃரிபுக்குப் பொறகு இருட்டுக்குள்ள ஆம்புளையள் நிக்கிற இடம் மகள். இண்டைக்குப் பெட்டி சரியா ஓடினா, நாளைக்கு உங்கட வீட்டு வளவுக்குள்ள வெச்சிக் காட்டுறன்.”

நான் செய்த பெட்டி போகலாம், நான் போகக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நாளைய வால்வெள்ளிக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் காக்கா பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனாரா? இல்லை. சந்தை, பள்ளிவாசல், நூலகம் என்று ஊரெல்லாம் குலுக்கிக் காட்டினார். கேட்டவர்களிடமெல்லாம் “நான் செஞ்ச” என்றாராம். கூடப் போன பெரியம்மாவின் மகன் வந்து சொன்னான்.

கடற்கரையில் மோட்டர் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உடனே காக்காவின் வாயில் உண்மை வந்துவிட்டது.

“எனக்கு ஒண்டும் தெரியா மாமா, தங்கச்சி செஞ்ச பெட்டி.”

ஓடும்வரை அவர் செய்தது. நின்றதும் நான் செய்தது. மாமாவாவது வாக்கைக் காப்பாற்றினாரா? லீவு முடிகிறதென்று தொலைநோக்கியை மடித்துக் கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் பெண்கள் நான்கே பேர். கையால் திருப்பியே காட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். ஆறு அறைகளிலும் தண்ணீர் வாய்வரை நிறைந்து கிடந்தது. ஊர் சுற்றிய குலுக்கலில் அமிலம் வழிந்து, ஃபியூசுக்குப் போன செம்புக் கம்பியைப் பச்சையாக அரித்துத் தின்றிருந்தது. நான் ஊற்றிய அளவு அதுவல்ல. தேடினேன். உம்மா சமைக்கும் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு வெறும் சர்பத் போத்தல். அதில் ஒட்டியிருந்த துண்டுக் கடதாசியில், ஊருக்கு ஓதிப் பார்க்கும் லெப்பையின் கையெழுத்தில் என் பெயர். யாருக்கு ஓதிய தண்ணீர் என்று மாறிப் போகாமலிருக்க லெப்பை அப்படித்தான் எழுதி ஒட்டுவார்.

போத்தலை உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“உனக்காகத்தான் மகள் ஓதின,” என்றார் உம்மா. கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தலை கொதித்தது. பொம்பிளைப் பிள்ளைக்குப் பற்றரிப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று லெப்பையிடம் போய், அதைத் தெளியவைக்க ஓதி வாங்கியிருக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு கிழமை உம்மாவோடு நான் கதைக்கவில்லை. மாமா விமானம் ஏறினார். வால்வெள்ளியும் போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு, என் மகள் முதல் பரிசு வாங்கி வந்த அன்று, கண்ணூறு பட்டுவிடுமென்று நானே தண்ணீர் ஓதி வாங்கப் போனேன். “ஆர்ர பேருக்கு?” என்று லெப்பை கேட்டபோதுதான் நெஞ்சில் அடித்தது. பைத்தியம் தெளிய ஓதிய தண்ணீரென்றால் எனக்கல்லவா குடிக்கத் தந்திருக்க வேண்டும்? எனக்கு ஒரு மிடறும் தரவில்லை. முழுவதையும் உம்மா பெட்டிக்குள் ஊற்றியிருக்கிறார். ஊர்க்கண் படப்போகும் பொருளுக்கு, அதைச் செய்தவரின் பெயரில்தான் ஓதுவிப்பார்கள்.

காக்கா ஊரெல்லாம் தன் பெயரைச் சொல்லித் திரிவதற்கு முன்பே, உம்மா லெப்பையிடம் என் பெயரைச் சொல்லியிருந்தார்.