வலிக்குப் போட்ட கருணை மதிப்பெண்

முழங்கால் தேய்மான வலிக்கு அக்குபங்சர் ஊசி வைத்தியம் உதவுமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. என் வகுப்போ இரண்டாவது மாடியில்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். எட்டு வாரம். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்குத் தோலைத் தொட்டதோடு நின்றுவிடும் பாவனை ஊசி. எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, வலியைக் கேட்டு எழுதும் பிள்ளைக்கும் தெரியாது. முடிவில் வலி பெரிதாகக் குறையாதவர்களை எலும்பு டாக்டரிடம் அனுப்பி மேற்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். குறைந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

வாரா வாரம் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும்: பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. முதல் நாள் எட்டு என்றேன். அது நிஜம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். திருத்தின விடைத்தாளை வாங்கக் கை நீட்டுகிற பிள்ளையின் முகம் அது. முப்பத்தொன்றில் நிற்பவளுக்கு முப்பத்தைந்து போட்டே பழகின கை என்னுடையது. ஆறு என்றேன். பிறகு ஐந்து, நாலு. ஏழாவது வாரம் கூசாமல் இரண்டு என்றேன். போதாததற்கு நான் பக்கத்துக் கிறிஸ்தவ ஊரான நாசரேத்தில் வளர்ந்தவள். யார் நலம் விசாரித்தாலும் “கர்த்தர் கிருபையில நல்லாருக்கேன்” என்றுதான் வாயில் வரும். என் முழங்காலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் இல்லை.

கடைசி நாள் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கடலில் சங்கு குளித்து ஓய்ந்தவர், அவரும் இதே ஆராய்ச்சியில் இருந்தார். எத்தனை சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எட்டுதான். மொத நாளும் எட்டு, இன்னைக்கும் எட்டு.”

“அந்தப் பிள்ளைக்குச் சங்கடமா இருக்காதா?”

“தோணியில காது வலிக்குன்னா சொல்லிரணும் டீச்சர். மறைச்சிட்டு மறுபடி முங்குனா காது போயிரும். தோணிக்காரன் மனசு நோவுமேன்னு பாக்க முடியுமா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இன்றும் இரண்டு என்றால் வைத்தியம் அதோடு சரி, வலியோடு படியேற வேண்டியதுதான். அது என் பாடு. ஆனால் என் பொய்யை நம்பி வேறு யார் முழங்காலிலோ ஊசி குத்துவார்களே!

உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். “நான் சொன்னதெல்லாம் கருணை மதிப்பெண், பிள்ள. உன் ஆராய்ச்சி தேறணுமேன்னு போட்டேன்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். எட்டு வார வேலையைக் கெடுத்திருக்கிறேன், திட்டினாலும் தப்பில்லை. அவள் சிரித்தாள். “வலி குறையலன்னு தெரிஞ்சாலும் ஆராய்ச்சி தேறிரும் டீச்சர். அதைத் தெரிஞ்சிக்கிடத்தான கேக்கோம்.”

பழைய எண்களை அவள் அழிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே பக்கத்தில் குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். காலை மடக்கி நீட்டிப் பார்த்து, நிதானமாக ஆறு என்றேன். ஊசியால் குறைந்ததோ, தானாகக் குறைந்ததோ, குறைந்தது அவ்வளவுதான். அவள் முகம் மாறாமல் எழுதி, எலும்பு டாக்டருக்குச் சீட்டும் கொடுத்தாள். தலையிலிருந்து உப்பு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

வழியனுப்ப அவளும் கூடவே வந்தாள். எட்டு வாரமும் ஏறி இறங்கின மாடிப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

“இறங்க முடியல பிள்ள, வலிக்கி. இங்கன லிஃப்ட் ஏதும் இருக்கா?”

“பின்பக்கம் இருக்கே டீச்சர்” என்றாள். “நீங்க ஒரு நாளும் கேக்கலியே.”