வெறும் வலை வந்த இடங்கள்

அந்த வேலை வந்த அன்று அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "தாயி, நம்ம காய்கறி ஆப் மாதிரியே இன்னொண்ணு. காய்கறிக்குப் பதிலா மீனு. மார்க்கெட்டுக்குப் பதிலா கடல். அம்புட்டுதான்."

கடலை நான் திருச்செந்தூரில் ஒருமுறை பார்த்ததோடு சரி, அதுவும் கணுக்கால் நனைகிற அளவுக்கு.

அண்ணன் என்பது எங்கள் முதலாளி. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கோழித்தீவனக் கடை மாடியில் எங்கள் அலுவலகம். நாள் முழுக்கக் கீழே இருந்து "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று நடத்துநர்கள் கூப்பிடுகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு நூல் மில்லுக்குப் போனவள். பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு, அங்கிருந்து செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆப் செய்யப் பழகிக்கொண்டேன். சுபாவத்தில் பயந்தவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பில் இருந்து திரும்பி ஓடுகிற ஆள். செய்த வேலையையும் அப்படித்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன்.

காய்கறி ஆப் என்று அண்ணன் சொன்னது ஒட்டன்சத்திரம் சந்தை விலைகளைக் காட்டுவது. அதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம், திரையில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது. ஆரம்பத்தில் ஒரு நாள் முருங்கைக்காய் வரத்தே இல்லை, அதனால் விலையும் இல்லை. விடிந்ததும் போன் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, முருங்கைக்கு வெல போடலீங்களா? தூங்கீட்டீங்களா?"

"இன்னைக்கு வரத்து இல்லைங்க."

"அதுக்காவ மொட்டையா உட்ருவீங்களா? நேத்து வெலயாச்சும் போடுங்க."

அன்றைக்கே அதைச் செய்தேன். ஒரு காய்க்கு இன்று விலை வரவில்லை என்றால் கடைசியாக வந்த விலையை ஆப் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதன்பிறகு யாரும் திட்டவில்லை. சந்தைக்கு அது சரியும்கூட. நேற்று முருங்கை என்ன விலைக்குப் போனதோ, நாளைக்கும் ஏறக்குறைய அதே விலைக்குத்தான் போகும்.

மீன் வேலையைக் கொடுத்தவர் கடற்கரையில் ஒரு மீன்வள ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிற இளம் விஞ்ஞானி. அவருக்கு ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் போனில் எங்கள் ஆப்பைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருந்தார். நான் அவரை மேடம் என்றேன். அவர் என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்.

ஆய்வுப் படகு வருடா வருடம் கடலில் ஏற்கெனவே குறித்து வைத்த அதே இடங்களுக்குப் போகும். ஒவ்வொரு இடத்திலும் இழுவலையைக் கடலின் அடியில் விட்டு ஒரே அளவு நேரம் இழுத்துக்கொண்டு போகும். வலையைத் தூக்கியதும் மீன்களை இனம் பிரித்து எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் காட்ட வேண்டும். மீன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பிடிபட்ட இடங்களில் வட்டம் வர வேண்டும், எடைக்குத் தக்கபடி வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ. கீழே ஒரு கோடு. அதில் விரலை வைத்து நகர்த்தினால் வருடங்கள் நகர வேண்டும்.

நான் கேட்டேன்: "அங்க மீன் இல்லைன்னு தெரிஞ்சாலும் அந்த எடத்துக்குப் போயி வலை போடுவீங்களா மேடம்?"

"போவோம் அக்கா. அதுக்குத்தான் போறதே."

சம்பளம் கொடுத்து, டீசல் ஊற்றி, மீன் இல்லாத இடத்துக்குப் போவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். அந்தப் பதிலை இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

எரியோட்டில் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார். "நம்மூருக் கொளத்துலயே தண்ணி இல்ல. நீ கடலுக்கு ஆப் கட்டப் போறியாக்கும்."

முதல் தடவை புள்ளிகளை வரைபடத்தில் போட்டபோது கடலே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. யாரோ அட்சரேகையில் எட்டு என்பதற்குப் பத்து என்று தட்டியிருந்ததில், கடலில் விழ வேண்டிய ஒரு புள்ளி எரியோட்டுக்குக் கிழக்கே சோளக்காட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "உங்க ஊருல கணவாய் மீனு கெடைக்குதாமே தாயி, சொல்லவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எத்தனை இப்படி இருக்கிறதோ என்று ஒவ்வொரு புள்ளியையும் ஆய்வு நிலையத்தின் இடப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். பழைய போனில் திறந்து பார்த்தேன், நெட் மெதுவாக இருந்தால் திறக்கிறதா என்று பார்த்தேன். பயப்படுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனைக்கும் பயந்தேன். காலிக் கட்டம் பற்றி மட்டும் பயமில்லை. அதுதான் காய்கறி ஆப்பிலேயே தீர்த்துவைத்த விஷயமாயிற்றே. அந்தப் பகுதியை அப்படியே எடுத்து இதில் வைத்துவிட்டேன்.

ஆப்பைப் பார்த்து மேடத்துக்கு ரொம்பச் சந்தோஷம். முக்கியமாக நவரை மீனுக்கு. செக்கச்சிவந்த சின்ன மீன், அடிக்கடலில் மேய்வது. நான் அதற்குச் சிவப்பு வட்டங்களே வைத்திருந்தேன். வருடத்தை நகர்த்த நகர்த்த வட்டங்கள் இடம் மாறாமல் நிறைவாக நின்றன.

"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு அக்கா," என்றார் போனில். "நவரை விளையுற அந்தப் பக்கத்துல கொஞ்ச காலம் இழுவலை போடாம விடலாமான்னு பேசப் போறாங்க. படகுக்காரங்க, அதிகாரிங்க எல்லாரும் வருவாங்க. மீன் நிலையாத்தான் இருக்கு, இப்ப மூட வேண்டியதில்லைன்னு நான் சொல்லப் போறேன். படம் தெளிவா இருக்கு, போன வாரமே எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

அந்த வாரம் கடைசியாக ஒரு வசதி சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தின் விவரம் ஆய்வு நிலையத்தின் கணக்கில் இருந்தபடியே விரிய வேண்டும்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் இழுத்தார்கள், என்னென்ன மீன். செய்து முடித்து, கடைசி வருடத்தில் நின்றுகொண்டு ஒரு பெரிய சிவப்பு வட்டத்தைத் தொட்டேன். ஆழம் வந்தது. நேரம் வந்தது. மீன்களின் பெயர் வந்தது. அதில் நவரை இல்லை.

நான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று அடுத்த வட்டத்தைத் தொட்டேன். அதிலும் இல்லை. முந்தின வருடத்துக்குப் போனேன். வட்டம் இருந்தது, அதே அளவில், மீன் இல்லை. அதற்கும் முந்தின வருடம் போனபோதுதான் விவரத்தில் நவரை என்ற பெயரும் அதன் எடையும் வந்தன.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கீழே வத்தலக்குண்டு பஸ்ஸுக்குக் கூப்பிடுகிறவரின் வாய் மட்டும் ஜன்னல் வழியே அசைவது தெரிந்தது.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு இடத்தில் வலை போட்டு நவரை சிக்காவிட்டால், கணக்கில் நவரைக்கு வரியே இருக்காது. கிடைத்ததைத்தானே எடை போட்டு எழுத முடியும். வரி இல்லாத இடத்தை என் ஆப் காலியாக விடவில்லை. முருங்கைக்காய்க்குச் செய்ததையே செய்தது. கடைசியாக என்றைக்கோ கிடைத்த எடையை எடுத்துப் போட்டது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். செத்துப்போன மீனை நான் வருடா வருடம் உயிரோடு காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, கோட்டில் விரலை வைத்து நகர்த்தினேன்.

சிவப்பு போனது. முதலில் கரையோரம் ஒன்று, பிறகு தெற்கே கூட்டமாக இருந்தவை. ஒவ்வொரு வருடத்துக்கும் சில வட்டங்கள் அணைந்துகொண்டே வந்து, கடைசி வருடத்தில் வெறும் நீலம், ஓர் ஓரத்தில் ஒட்டினாற்போல ஓரிரு சிவப்பு. ஆப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எடுத்ததைத் திரும்ப வைத்தேன். கடல் நிறைந்தது. மறுபடி எடுத்தேன். கடல் காலியானது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் விரலால் கோட்டை ஒருமுறை நகர்த்திப் பார்த்தார்.

"நாளன்னைக்குக் கூட்டம். இப்ப எதுக்குப் போயி நோண்டுன?"

"நோண்டலண்ணே. தொட்டேன், வந்துருச்சு."

"ஒனக்கு எப்பவுமே எதையாச்சும் நெனச்சுப் பயம். அவங்க படிச்சவங்க. பாத்துட்டுத்தானே நல்லாருக்குன்னு சொன்னாங்க?"

"அவங்க நம்ம படத்தத்தான பாத்தாங்க. அந்தம்மா போயி எல்லார் முன்னாடியும் மீன் இருக்குன்னு சொல்லிருவாங்கண்ணே."

அண்ணன் மீசையை நீவினார். அவர் கெட்டவர் இல்லை. இருக்கிற ஆப்பையே மாற்றிச் சீக்கிரம் செய்து கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லித்தான் இந்த வேலையை வாங்கியிருந்தார். "பேசு," என்றார் கடைசியில். "ஆனா நீயே பேசு. எனக்கு அந்தக் கடல் சமாச்சாரம் சொல்ல வராது."

போனில் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை, முருங்கைக்காயில் ஆரம்பித்தேன் என்பது மட்டும் தெரியும்.

மேடம் மெதுவாகச் சொன்னார். "போன தடவை நானும் படகுல இருந்தேன் அக்கா. வலையைக் கொட்டினப்ப நவரையே காணமேன்னு எனக்குத் தோணுச்சு. படத்தப் பாத்துட்டு, நாந்தான் சரியாக் கவனிக்கலன்னு இருந்துட்டேன்."

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் இதுதான். கடலில் நின்று, ஈர வலையைக் கொட்டி, தன் கையால் மீனைப் பிரித்த ஒரு பெண், கோழித்தீவனக் கடை மாடியில் உட்கார்ந்து நான் போட்ட வட்டத்தை நம்பித் தன் கண்ணை நம்பாமல் விட்டிருக்கிறார்.

"இப்ப அந்த எடத்துல எல்லாம் என்ன காட்டுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் காட்டல மேடம். எடுத்துட்டேன்."

"ஒண்ணும் காட்டலைன்னா நாங்க அங்க போகவே இல்லைன்னு நெனைப்பாங்க அக்கா. போனோம். வலை போட்டோம். நவரைக்கு வெறும் வலைதான் வந்துச்சு. அதையும் காட்டணும்."

அவர் முதல் நாள் சொன்ன 'அதுக்குத்தான் போறதே' அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. படகு எங்கெங்கே போனது என்பது தனிப் பட்டியலாக இருந்தது. அதை எடுத்து மீன் கணக்கோடு சேர்த்தேன். வலை போட்டும் நவரை வராத இடத்துக்கு உள்ளே நிறம் இல்லாத வளையம். படகு போகாத இடத்துக்கு எதுவுமில்லை. அன்றும் மறுநாளும் வேறு வேலை பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வரச் சொல்லிவிட்டார். அண்ணனும் நானும் மதுரை வழியாக பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இந்த வளையமும் தப்பாக இருந்தால்?

கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடத்தில் கூட்டம். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் படகுக்காரர்கள். மேடம் திரைக்குப் பக்கத்தில் நின்று, எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார்.

"போன வாரம் நான் உங்களுக்கு அனுப்புன படம் தப்பு. நவரை நிலையா இருக்குன்னு சொல்லியிருந்தேன். இல்ல. இதப் பாருங்க."

வருடங்களை நகர்த்தினார். சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக வெறும் வளையங்களாக மாறின. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு படகுக்காரர் எழுந்தார். "போன வாரம் இருந்த மீனு இந்த வாரம் எங்கம்மா போச்சு? நீங்க படத்த மாத்துனா எங்க பொழப்ப மாத்தணுமா?"

"போன வாரமும் இல்ல அண்ணாச்சி. நான் இருக்குன்னு தப்பாச் சொன்னேன்."

யாருடைய கை செய்த தப்பு என்று மேடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒரு அதிகாரி, இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் எதை எழுதுவது என்று கடுமையாகக் கேட்டார். இதை எழுதுங்கள், முந்தையது ஏன் தப்பு என்று நானே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார் மேடம். கொஞ்ச காலத்துக்கு அந்தப் பக்கம் இழுவலை வேண்டாம் என்றுதான் கடைசியில் முடிந்தது. படகுக்காரர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

வெளியே வந்ததும் மேடம் எங்களிடம் வந்தார்.

"நல்லவேளை அக்கா, தொட்டுப் பாத்தீங்க." பிறகு, "மத்த மீனுக்கும் அப்படித்தான் காட்டிட்டு இருந்துச்சா?" என்றார்.

எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்த மீனைத் தேர்ந்தெடுத்தேன். காரல். கோட்டில் விரலை வைத்துவிட்டு நகர்த்தாமல் இருந்தேன். அண்ணன் அந்தப் பக்கமிருந்து, "என்னத்தா, நகட்டு," என்றார். நகர்த்தினேன். ஒரு வருடம், அடுத்த வருடம், கடைசி வருடம் வரை. அங்கங்கே சில வளையங்கள் வந்தன. மற்றபடி வட்டங்கள் நின்றன.

நம்பவில்லை. ஒவ்வொரு வட்டமாகத் தொட்டேன். காரல், எடை. காரல், எடை. மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வட்டம் வரை தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீன் இருந்தது.