காம்பராவுக்கு ஓர் அதிசயம்

காசிம் நானா காலமான செய்தி வந்த நேரத்தில், நான் அவருடைய சரக்கை என் சரக்கென்று விற்றுக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியலில் பெய்த மழை ரப்பர் மரங்களை நனைத்துவிட்டது. பட்டை காயும்வரை பால் வெட்ட முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கூரைக்கடியில் ஆட்கள் ஒடுங்கி நின்றார்கள். பால் வந்தால்தான் ஸ்டோரில் ரப்பர்த் தகடு உருட்டுகிற எனக்கும் வேலை. சும்மா இருக்காத வாய் ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது. "கணவாய் மீனுக்கு மூணு இருதயம், தெரியுமா? புத்தகத்துல படிச்சேன்" என்று ஆரம்பித்தேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்புவரை. அந்தப் புத்தகத்தில் இருந்த பெரிய அதிசயம் பசுமாடு.

அப்போதுதான் புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து தபால் பையோடு சுப்பையா வந்து சேர்ந்தான். "பொட்டணி நானா தவறிட்டாருங்க. நேத்துக் காலையில. சாயங்காலமே பள்ளிவாசல்ல அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றான்.

லயத்து வரிசையில் ஆறாம் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கணவாய் என் வீட்டுக் கதை. என் வாசல் இஸ்தோப்புல உக்காந்து அவர் எனக்குச் சொன்னது. நீ எந்தப் புத்தகத்துல படிச்ச?"

நானா போன செய்தியைக் கேட்ட நிமிஷத்தில் திருட்டுச் சரக்கோடு பிடிபட்டவன் நான் ஒருவன்தான். ஒரு பிடி மண் போடவும் நம்மில் யாருக்கும் வாய்க்கவில்லை. ஆகவே, பிடிபட்ட நானே நம் தோட்டத்தாருக்கு இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லவேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நானா பேருவளைக்காரர். டவுனில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, துணிப் பொட்டணியைத் தலையில் சுமந்து மாதம் இரண்டு தடவை நம் மலையேறி வருவார். லயத்தில் ஒவ்வொரு காம்பராவின் முன்னும் உட்காருவார். பொட்டணியின் முடிச்சை அவிழ்க்குமுன் உலகத்து அதிசயம் ஒன்றைச் சொல்வார். ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டார். அதே வீட்டிலும் இரண்டாம் முறை சொல்லமாட்டார். அடுத்த வீட்டு அதிசயம் வேண்டுமானால் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதைச் சொல்லும்போது யார் வீட்டுச் சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் நம் பீலியில் சண்டை குறைந்தது என்று சொன்னால் பொய். சண்டையில் புது விஷயங்கள் சேர்ந்தன.

வடக்கே ஒரு தேசத்தில் கோடை வந்தால் வாரக்கணக்கில் சூரியன் அஸ்தமிக்காது என்று இரண்டாம் காம்பராவில் அவர் சொன்ன அன்று, பீலிக்கரையே கவலையில் ஆழ்ந்தது. பாக்கியம் அக்காள் மறு தடவை அவரை வழிமறித்தாள்.

"அப்ப அந்த ஊர்ல வேலை எப்ப விடுவாங்க நானா?"

நானா யோசித்தார். "அத நான் கேக்கல்ல தங்கச்சி."

"கேட்டுட்டு வாங்க. அந்த ஊருக்கு ஆள் கட்ட எவனாவது கங்காணி வந்தா நாங்க போகமாட்டோம்."

அவர் கேட்டும் வந்தார். கொழும்புத் துறைமுகத்தில் அவருடைய மச்சினர் ஒருவர் வள்ளம் ஓட்டினார்; கப்பல்காரர்களிடம் விசாரிக்க அதுதான் வழி. சிகரெட் தகரங்களில் வரும் படச் சீட்டுகளையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். "அங்கயும் மணி பாத்துத்தான் வேல விடுறாங்களாம். இது கேட்டது" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் தரம் உண்டு: கண்டது, கேட்டது, யாரோ சொன்னது. துணியிலும் அப்படித்தான். சாயம் போகும் சேலையைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்பார்.

திபெத்தில் பெரியவர்களைக் கண்டால் நாக்கை நீட்டி வணங்குவார்கள் என்பதும், பெரிய மணல்காட்டில் ஒரு கூட்டத்தில் ஆண்கள்தான் முகத்தை மூடுகிறார்கள் என்பதும் அவர் கொண்டுவந்தவைதான். நாம் சிரித்தோம். அவர் சிரிக்காமல் சொன்னார்: "வெக்கம் ஊருக்கு ஊர் வேற வேற எடத்துல ஈக்கிது தம்பி. நம்மட எடத்துலதான் ஈக்கோணும்டு இல்ல."

எங்கள் காம்பராவின் அதிசயம் எதுவென்று பாக்கியம் அக்காளைத் தவிர உங்களில் யாருக்கும் தெரியாது. என் மனைவி மீனாட்சி ஏழு மாதமாக இருந்தபோது அவர் சொன்னது அது. கடற்குதிரை என்று ஒரு சின்ன மீன். அதில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமந்து குஞ்சு பெறுகிறது. "இது கண்டது. பேருவளையில வலையில வந்திச்சி. என்ட கையில வெச்சிப் பாத்தேன்" என்றார். மீனாட்சி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "கேட்டுக்கிட்டீங்களா? அடுத்தது உங்க முறை" என்றாள். அவர் போனதும் நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இதைப் பீலியில் சொல்லாதே என்று கட்டளையிட்டேன். என் வாழ்க்கையில் நான் இட்டு, அவள் கேட்ட ஒரே கட்டளை அதுதான்.

தெய்வானை பிறந்து எட்டாம் மாதம் அந்தப் பெருங்காய்ச்சல் வந்தது. எந்த லயத்தில் யார் போனார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை. அந்த நாட்களில் நானா அதிசயம் எதுவும் சொல்லவில்லை. பொட்டணிக்குள் துணியும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய கொயினா மாத்திரைகளே இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப மாத்திரை வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு அது போதவில்லை.

மீனாட்சி போன பிறகு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு நான் தெய்வானையைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வாசலில் அதுவரை எந்த ஆணும் நின்றதில்லை. "வாங்க ஆயா, சேலை கட்டலையா?" என்று பெரட்டில் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் முதல் யாரும் பார்க்காத சுற்றுப்பாதையில் போனேன். அட்டைக்கடி வேறு.

திருச்சிப் பக்கத்திலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார், பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக. நல்ல மனிதர், அவர் சொன்னது எல்லாம் நியாயம். "பொம்பளை இல்லாத வீட்டுல பொட்டப்புள்ளைய எப்படி வளப்பீங்க மாப்பிள்ளை? எங்க அம்மா கையில வளரட்டும். நாளைக்கே கிளம்புறேன்." லயத்தில் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். பிள்ளையின் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தேன்.

அன்று மத்தியானம் நானா வந்தார். மூட்டையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து, "முதலாளி ஊருக்குப் புதிசு. ஒரு புதினம் செல்லுறேன்" என்று தொடங்கி, கடற்குதிரையைச் சொன்னார். அதே வீட்டில், இரண்டாம் முறை. இத்தனை வருஷத்தில் அந்த விதியை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். அதை அறிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. பாக்கியம் அக்காளும் வந்து நின்று கேட்டாள்.

மச்சான் சிரித்தார். "மனுஷன் என்ன மீனா நானா?"

"மீன் இல்லதான். மீனுக்குக் கை இல்ல. இவருக்கு ரெண்டு ஈக்கிது."

எனக்குக் காது சுட்டது. தெய்வானை என் மடியில் இருந்தாள். "புள்ள இங்கேயே இருக்கட்டும் மச்சான்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காய்ச்சல்ல நீங்களும் படுத்தா?" என்று மச்சான் கேட்டார். "நான் ஆறாம் காம்பராவுல செத்தா போயிட்டேன்?" என்றாள் பாக்கியம் அக்காள். மறுநாள் மச்சான் தனியாகப் போனார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்தின் நடுவே நடந்தேன். சிரித்தார்கள். நாலு நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இப்போது தெய்வானைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவளிடம் நான் எதைச் சொன்னாலும், "கண்டதா, கேட்டதா?" என்று கேட்கிறாள். நானாவிடமிருந்து எங்கள் வீட்டில் தங்கியது அந்தக் கேள்விதான். எனக்கு அது பெரிய இடைஞ்சல். என் வீர தீரங்களில் பாதி அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. இனி யாருடைய அதிசயத்தைச் சொன்னாலும் அவர் வீட்டுப் பெயரையும் சேர்த்தே சொல்வேன் என்று பாக்கியம் அக்காளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக அவர் வந்தது போன மாதம். பாதி மலையிலேயே மூச்சு வாங்கியிருக்கிறது. பொட்டணியை இறக்காமலே உட்கார்ந்தார். தெய்வானை தண்ணீர் கொடுத்தாள். அவள் உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அண்டைக்கு நான் செஞ்சது சரியா தம்பி? உம்மம்மா, பாட்டிட கையில வளர வேண்டிய புள்ள. நான் குறுக்க வந்துட்டேனோண்டு நெனச்சிக்கொண்டே ஈக்கிறேன்."

மூன்று வருஷத்துக்கு மேலாக அவர் அதைச் சுமந்து மலையேறியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வழக்கம்போல, "என் சமையலைத் தின்னுற அவளைத்தான் கேக்கணும் நானா" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு எழுந்து, ஏழாம் காம்பராவுக்குப் போனார்.

நீங்க அன்னைக்கு வராம இருந்திருந்தா நான் புள்ளைய குடுத்திருப்பேன் நானா. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.