வெட்டிவேர் கட்டிய கார்

இன்று ஜெயித்துவிட்டேன்!

போன மாதம் என் வாடகைக் காரில் ஆடு ஏற்றினேன். நாற்றம் போகட்டும் என்று சீட்டெல்லாம் அத்தரைத் தெளித்தேன். அடுத்த சவாரியில் வாணியம்பாடி தோல் வியாபாரியின் மனைவி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார்.

"இன்னாப்பா வண்டி இது? எங்க தோல் மண்டியே தேவலாம்!"

பிறகு என் மனைவி ரவிக்கைத் துணியில் வெட்டிவேரும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் வைத்துத் தைத்து, நாலு பைகளைக் காரில் கட்டினாள்.

இன்று அதே அம்மாவைக் கெஞ்சித்தான் ஏற்றினேன். ஒரு வளைவில்கூட நிறுத்தச் சொல்லவில்லை! இறங்கியதும், "வாசன நல்லா கீது தம்பி, வூட்டுக்கு வேணும்" என்று நாலு பைகளையும் அவிழ்த்துக்கொண்டார்.

காலி வண்டியில் பழைய ஆடும் அத்தரும் மணக்கத் திரும்பினேன். மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தது நான்.

உங்கள் வண்டியில் என்ன கட்டியிருக்கிறீர்கள்?